கொழும்பில் கொடுவா பிடிப்பது எப்படி

கொடுவாத் தூண்டில் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை வட அவுஸ்திரேலியாவில் எடுத்தவை. டார்வின் பக்கத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் கடல் ஏழு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. கொழும்புக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட அந்த வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டாது. அதனால் "வற்றுத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் வீசு" என்ற அவர்களுடைய கணக்கை இங்கே அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எங்கள் பக்கத்துக் கொடுவாவை இடம் மாற்றுவது மழை, காற்று, முகத்துவாரத்து மணல்திட்டு ஆகிய மூன்றும். வற்றுப் பெருக்கு அட்டவணையைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் கரைக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தண்ணீர் இப்போது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது, இரண்டும் உரசும் விளிம்பு எது? கொடுவா அந்த விளிம்பில்தான் நிற்கும்.

மீன் ஏன் அங்கே நிற்கிறது

கொடுவா நீண்ட தூரம் துரத்தி இரை பிடிக்கும் மீனல்ல. ஒரு மரக்கட்டை, பாலத் தூண், கண்டல் வேர், மதகின் ஓரம் என்று எதையாவது அணைத்து, ஓட்டம் படாத இடத்தில் அசையாமல் நிற்கும். ஓட்டத்தோடு மடவைக் குஞ்சோ இறாலோ பக்கத்தில் வந்தால் வாயைத் திடீரென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். இரவில் பாலத்தடியில் "பொக்" என்று கேட்கும் சத்தம் அந்த வாய் திறந்து மூடும் சத்தம்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. ஒன்று, மீன் எப்போதும் ஓட்டம் வரும் திசையைப் பார்த்தபடி நிற்கும். ஆகவே இரை மேல்பக்கத்திலிருந்து ஓட்டத்தோடு கீழே வர வேண்டும். பின்னாலிருந்து வரும் இரையை அது பார்ப்பதே இல்லை, சில வேளை பயந்தும் போகும். இரண்டு, மறைவிடத்திலிருந்து அரை மீட்டருக்கு அப்பால் போடும் வீச்சு பெரும்பாலும் வீண். கட்டையில் மாட்டிவிடுமோ என்று பயந்து தள்ளித் தள்ளி வீசுபவருக்குக் கொடுவா கிடைப்பது அரிது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஏறத்தாழ 80 செ.மீ. நீளத்தைத் தாண்டிய மீன்களில் பெரும்பாலானவை பெண். முட்டையிடுவது உப்பு ஏறிய முகத்துவார நீரில். குஞ்சுகள் வளர்வது களப்பிலும் சதுப்பிலும் ஆற்றின் நன்னீரிலும். அதனால்தான் ஒரே இன மீனைக் கடலோரத்திலும் ஏரியின் உட்புறத்திலும் காண்கிறோம்.

எங்கே போவது

களனி முகத்துவாரம் முதல் இடம். தென்கரையில் மட்டக்குளி, காக்கைத்தீவு. வடகரையில் வத்தளைப் பக்கம். ஆற்று வாயில் மணல்திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். சோளகக் காலத்து அலை ஒருபக்கம் மணலைத் தள்ளும், ஆற்று வெள்ளம் மறுபக்கம் வெட்டும். போன வருடம் மீன் கிடைத்த இடத்தைத் தேடிப் போகாமல், இன்றைய திட்டின் உட்பக்கச் சரிவைத் தேடுங்கள். முழங்கால் ஆழம் சட்டென்று தலைக்கு மேலான ஆழமாக மாறும் கோடு அது. பகலில் தண்ணீரின் நிறமே காட்டிக்கொடுக்கும். வறட்சி மாதங்களில் உப்புநீர் ஆற்றின் அடியால் வெகுதூரம் உள்ளே ஏறும். அம்பத்தளையில் குடிநீர் எடுக்கும் இடத்தைக் காக்க ஆற்றின் குறுக்கே உப்புத் தடுப்பு போட வேண்டி வந்ததும் அதனால்தான். அந்த மாதங்களில் மீன் ஆற்று வாயில் மட்டும் நிற்காது. மேலே உள்ள பழைய தோணித்துறைகளையும் தூண்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பொல்கொட. வட ஏரி, தென் ஏரி, இரண்டையும் இணைக்கும் ஆறு, பாணந்துறையில் கடல். இங்கே படகில்லாமல் அதிகம் சாதிக்க முடியாது. ஏரியின் அகன்ற பகுதியில் சுற்றித் திரிவது நேர விரயம். ஆறு ஒடுங்கும் இடங்கள், விழுந்து கிடக்கும் மரங்கள், வீடுகளின் தனியார் படகுத்துறைகள் ஆகியவற்றையே குறிவையுங்கள். தனியார் துறையருகே வீசும்போது உரிமையாளர் வெளியே நின்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீசுவது மரியாதை. வெளியேற்றம் கடலை நோக்கி நன்றாக ஓடும் நாட்களில் பாணந்துறைப் பக்கம் கரையிலிருந்தே வாய்ப்புண்டு.

மூன்றாவது நீர்கொழும்புக் களப்பு. கடல்வாய்க் கால்வாயும் கண்டல் தீவுகளும் கொடுவாவுக்கென்றே அமைந்த இடங்கள். ஆனால் இது பலருடைய வயிற்றுப்பிழைப்பும் நடக்கும் தண்ணீர். கால்வாயில் கட்டுவலை போடும் உரிமை மீனவர் சங்கங்களுக்குள் முறைவைத்துப் பகிரப்பட்டது. களப்பில் கண்டல் கிளைகளைக் குத்தி அமைத்திருக்கும் மறைவிடங்களும் ஒவ்வொருவரின் உடைமை. அந்தக் கிளைக் கூட்டங்களில் நிச்சயம் மீன் இருக்கும், லூர் (செயற்கை இரை) வீசக் கை துறுதுறுக்கும், வீசக்கூடாது. தெற்கே முத்துராஜவெலச் சதுப்பில் சரணாலய எல்லைக்குள் போகும் எண்ணமிருந்தால் அனுமதி பற்றி வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களிலும் மழைக்குப் பிறகு கொடுவா வரும். பழகுவதற்கு நல்ல இடங்கள். ஆனால் நகரத்துக் கழிவு முழுவதும் இறங்கும் தண்ணீரில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கொழும்புத் துறைமுகச் சுற்றுப்புறம் உயர் பாதுகாப்புப் பகுதி. அங்கே தூண்டிலோடு நடமாட வேண்டாம்.

எப்போது போவது

கொழும்பில் மழை உச்சத்தைத் தொடும் காலம் இரண்டு: ஏப்ரல்–மே, ஒக்டோபர்–நவம்பர். கொடுவாவுக்கும் இவையே நல்ல காலங்கள். ஆனால் மழை பெய்த உடனே ஓடிப்போவது பயனில்லை. பெருமழையின் முதல் நீர், சதுப்பிலும் வயலிலும் அழுகிய இலைதழைகளைக் கழுவிக்கொண்டு கறுப்பாக வரும். அதில் ஒட்சிசன் மிகக் குறைவு. மீன் விலகிப் போகும், நிற்பவையும் வாய் திறக்காது. களனியில் இதோடு ஆகாயத்தாமரைக் கூட்டமும் குப்பையும் சேர்ந்து வந்து ஒவ்வொரு வீச்சிலும் முள்ளை நிறைத்துவிடும். மழை ஓய்ந்து இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். கறுப்பு மாறித் தேநீர் நிறமாகி, வெளியே கடல்நீரோடு சந்திக்கும் இடத்தில் தெளிவான கோடு விழும். அந்தக் கோட்டின் கலங்கல் பக்கத்து ஓரத்தில், இரண்டு அடி உள்ளே, லூரை ஓட விடுங்கள்.

ஓட்டத்தின் வேகத்தை அளக்கக் காய்ந்த இலை ஒன்று போதும். நீங்கள் நிதானமாக நடக்கும் வேகத்துக்கு அரைவாசியில் இலை நகர்ந்தால் மிகச் சரி. நடை வேகத்தையே தாண்டினால் மீன் அடியிலும் தூணின் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். ஈயத்தைக் கூட்ட வேண்டும். இலை அப்படியே நின்றால் நீங்களும் இடத்தை மாற்றுங்கள்.

நாள் என்று பார்த்தால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டு நாள் முன்னும் பின்னும் ஓட்டம் கூடுதல். போயா விடுமுறை இதனோடு பொருந்தி வருவது வசதிதான். ஆனால் விகாரைக்கு அருகே, வெள்ளையுடுத்து மக்கள் போய்வரும் கரையில் அன்று மீன் பிடிப்பது பலரைப் புண்படுத்தும். அதற்கு முதல் நாள் மாலையே போகலாம், ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இராது. நேரம்: பொழுது சாயும் முன் அரை மணி தொடங்கி இருட்டிய பின் இரண்டு மணித்தியாலம் வரை, இல்லையேல் விடியற்காலை.

நீர் குளிர்ந்தால் கொடுவா மந்தமாகிவிடும் என்று அவுஸ்திரேலிய வழிகாட்டிகளில் நிறைய எழுதியிருப்பார்கள். எங்கள் கடலோர நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ 27 பாகையிலோ அதற்கு மேலோ நிற்பதால் அந்தக் கவலை இங்கே தேவையில்லை.

ரொட், ரீல், நூல்

ஆறரை முதல் ஏழு அடி ரொட், மீடியம் ஹெவி. முகத்துவாரத்தில் தூர வீச வேண்டுமென்றால் எட்டடி. ஸ்பின்னிங் ரீல் 4000 அளவு. ரொட்டின் மேற்புறம் பொருத்தும் பேட்காஸ்டர் ரீல் பழகியவருக்கு அது இன்னும் துல்லியம். பிரெய்ட் (மெல்லிய பின்னல் நூல்) 30 இறாத்தல் பாரம் தாங்குவது, 150 மீட்டர் போதும். கொடுவா நெடுந்தூரம் ஓடும் மீனல்ல, முதல் பத்து மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும்.

பிரெய்ட்டின் நுனியில் கட்டும் லீடர், 50 இறாத்தல் தங்கூசி, ஒரு மீட்டர். இதைக் குறைக்க வேண்டாம். கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது, ஆனால் அதன் வாயின் உட்புறம் அரத்தைப் போலச் சொரசொரப்பானது. சண்டை நீண்டால் தங்கூசியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அதோடு செவுள் மூடியின் ஓரம் கத்தி. ஒரு மீன் பிடித்ததும், அல்லது தப்பியதும், லூரின் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு லீடரை நகத்துக்கும் விரல் நுனிக்கும் இடையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழவழப்பு போய் வெள்ளையாக, பொருக்கு விட்டதுபோல் தட்டுப்படும் இடம் வரும். அந்த இடத்துக்கு மேலே வெட்டி மறுபடி கட்டுங்கள். "இன்னும் ஒரு வீச்சு" என்று விட்டால் அடுத்த மீனோடு லூரும் போகும்.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நூலை வழுக்கவிடும் இறுக்கத்தை, வீட்டிலேயே அளந்து வையுங்கள். பயணப்பெட்டி நிறுக்கும் கைத்தராசு போதும்: ரொட்டை நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பிடித்து, லீடரின் நுனியைத் தராசில் மாட்டி, ஒருவர் இழுக்க, நூல் வழுக்கத் தொடங்கும் கணத்தில் எண்ணைப் படியுங்கள். 30 இறாத்தல் பிரெய்ட்டுக்கு மூன்றரைக் கிலோ சரியான அளவு. கண்டல் வேருக்குள்ளோ தூணுக்கிடையிலோ வீசும்போது ஐந்து வரை ஏற்றலாம். கரையில் நின்று கையால் இழுத்துப் பார்த்து "இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. தூணருகில் மீன்கள் பறிபோவதற்கு இதுவே முதல் காரணம்.

லூரோடு வரும் மூன்றுமுள்களையும் வளையங்களையும் நம்ப வேண்டாம். மலிவான லூரில் அவை நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி முள்ளாகவும் கனமான வளையமாகவும் மாற்றுங்கள். மாற்றிய பின் லூரை ஒருமுறை தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். பாரம் கூடி மிதவை குறைந்தால் அதன் ஆட்டம் செத்துவிடும், அப்போது ஒரு அளவு சிறிய முள் போட வேண்டும்.

இரண்டு முடிச்சுகள் போதும்

பிரெய்டையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி. எஃப்ஜி முடிச்சு இதைவிட மெலிது, ரொட்டின் வளையங்களினூடே இலகுவாக ஓடும்; ஆனால் இருட்டில், காற்றில், படகு ஆட்டத்தில் சரியாகக் கட்ட வருவது இரட்டை யூனிதான்.

இரண்டு நூல்களையும் எதிரெதிராக ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பிரெய்ட்டின் நுனியைத் திருப்பி ஒரு வளையம் உண்டாக்கி, அந்த வளையத்தினூடாக இரண்டு நூலையும் சேர்த்து எட்டுச் சுற்று சுற்றுங்கள். நுனியை மட்டும் இழுத்து முக்கால்வாசி இறுக்குங்கள். மறுபக்கம் லீடரின் நுனியால் அதேபோல் நான்கு சுற்று. தடித்த நூலுக்கு அதற்கு மேல் போட்டால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இரண்டையும் எச்சிலால் நனைத்து, இரு பக்கத்து நீள நூல்களையும் பிடித்து மெதுவாக இழுங்கள். முடிச்சுகள் நகர்ந்து வந்து ஒட்டும். பிறகு பலமாக ஒரு இழுவை, இறுதியாக நுனிகளை வெட்டுதல். உலர்ந்தபடியே இழுத்தால் உராய்வில் தங்கூசி சூடேறிப் பலம் இழக்கும். முடிச்சில் அறுந்த நூலின் நுனி சுருண்டு பன்றிவால் மாதிரி இருந்தால் அது அறுந்ததல்ல, நழுவியது: சுற்றுக் குறைவு என்று பொருள்.

லூரைக் கட்ட வளைய முடிச்சு. லீடரின் நுனியிலிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரு தளர்வான சாதாரண முடிச்சுப் போடுங்கள். நுனியை லூரின் கண்ணுக்குள் விட்டு, முடிச்சுக்குள் எந்தப் பக்கத்தால் நூல் வெளியே வந்ததோ அதே பக்கத்தால் திரும்ப நுழையுங்கள். நீள நூலைச் சுற்றி மூன்று சுற்று, பிறகு மறுபடி அதே முடிச்சுக்குள் நுழைத்து, நனைத்து, இறுக்குங்கள். லூர் ஒரு சிறு வளையத்தில் தொங்கும்; தடித்த தங்கூசி அதன் தலையைப் பிடித்து வைக்காது. இறுக்கிக் கட்டிய லூரையும் இப்படிக் கட்டியதையும் காலடியில் இழுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

உயிர் இரை

புதிதாகத் தொடங்குபவர் உயிர் இறாலில் தொடங்குவதே நல்லது. எட்டு, பத்து செ.மீ. இறால், அல்லது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த மடவை. திலாப்பியாவும் நல்ல இரை, முள்ளில் நெடுநேரம் உயிரோடிருக்கும். ஆனால் பிடித்த தண்ணீரிலேயே பயன்படுத்துங்கள், ஓரிடத்து மீனை இன்னோர் ஏரிக்குக் காவிச் செல்ல வேண்டாம்.

பத்து லீற்றர் வாளியில் பத்துப் பன்னிரண்டு இறாலுக்கு மேல் வேண்டாம். மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழாய் இருந்தால் நல்லது. குழாய்நீர் ஊற்றினால் குளோரினில் செத்துவிடும். மீன் பிடிக்கும் இடத்து நீரையே அரை மணிக்கு ஒருமுறை பாதி மாற்றுங்கள்.

கட்டும் முறை இது: பிரெய்டில் துளையுள்ள உருண்டை ஈயம், ஓட்டத்துக்கு ஏற்ப 7 முதல் 15 கிராம், அதன்கீழ் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), ஸ்விவலிலிருந்து 60 செ.மீ. 50 இறாத்தல் தங்கூசி. நுனியில் 5/0 சேர்கிள் ஹூக், முனை உள்நோக்கி வளைந்த முள். சிறிய இறாலுக்கு 3/0. இந்த ஏற்பாட்டில் ஸ்விவலே இணைப்பு என்பதால் இரட்டை யூனி தேவையில்லை.

இறாலின் தலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கொம்புக்குக் கீழே ஓட்டினூடாக ஒரு கரிய திட்டுத் தெரியும். அதன் முக்கிய உறுப்புகள் அங்கேதான். முள் அந்தத் திட்டுக்கு முன்னால், கொம்பின் அடியில், குறுக்காக நுழைய வேண்டும். கரிய திட்டைத் தொட்டால் இறால் உடனே விறைத்துப்போகும். சரியாகக் குத்திய இறால் அரை மணிக்கு மேல் உதைக்கும். மடவைக்கு மேலுதட்டினூடாக, ஓட்டமே இல்லாத இடத்தில் முதுகுத் துடுப்புக்குப் பின்னால், தோலோடு.

மறைவிடத்துக்கு மூன்று, நான்கு மீட்டர் மேலே ஓட்டத்தில் போட்டு, ரீலில் நூலைச் சுற்றும் கம்பியான பெயிலைத் திறந்து வைத்து, நூலை விரலால் கட்டுப்படுத்தியபடி இரையை இறங்க விடுங்கள். மறைவிடத்தின் ஓரத்தில் நிறுத்தி, பெயிலை மூடி, ரொட் நுனியைத் தாழ்த்திப் பிடியுங்கள். கொடுவா தொட்டால் முதலில் ஒரு "டிக்", பிறகு நூல் கனக்கும். இங்கேதான் கை பழகாதவர்கள் ரொட்டைச் சுண்டுவார்கள். சேர்கிள் ஹூக்கில் சுண்டினால் முள் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். சுண்ட வேண்டாம், ரொட்டை நிலையாகப் பிடித்து, கனம் ஏற ஏற ரீலை மட்டும் சுற்றுங்கள். முள் தானாகச் சுழன்று வாய் மூலையில் ஏறும். சாதாரண முள்ளில் விழுங்க விட்டுப் பிடித்தால் குடலில் மாட்டும், அந்த மீனை விடுவித்தாலும் பிழைப்பது சந்தேகம்.

லூர்

பை நிறைய லூர் வாங்க வேண்டாம். மூன்று வகை போதும். பத்து முதல் பன்னிரண்டு செ.மீ. நீள மினோ (சிறு மீன் வடிவக் கடின லூர்), ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழம் போவது. ரப்பலா எக்ஸ்-ராப் 10 போன்றவை. பத்து செ.மீ. வால் ஆட்டும் ரப்பர் மீன், 10 அல்லது 14 கிராம் ஜிக் தலையில் (ஈயத் தலையுள்ள முள்ளில்). அடர்ந்த கட்டைக்குள் வீச அதே ரப்பர் மீனை முள் மறையும் 5/0 வளைந்த ஹூக்கில். நிறம் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை: கலங்கலிலும் இரவிலும் கறுப்பு, கடும் ஊதா, பொன், தெளிந்த நீரில் வெள்ளை, வெள்ளி.

மினோவை ஐந்தாறு வேகச் சுற்றில் ஆழத்துக்கு இறக்கி, நிறுத்துங்கள். மூன்று வரை எண்ணுங்கள். ரொட் நுனியால் இரண்டு சிறு சுண்டல், மறுபடி நிறுத்தம். கடி வருவது பெரும்பாலும் நிற்கும் கணத்தில்தான். கலங்கிய நீரில் நிறுத்தத்தை ஐந்தாக்குங்கள். தொடர்ந்து ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் சீலாவும் பாரையும் கடிக்கலாம், கொடுவா பெரும்பாலும் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒரே மறைவிடத்தில் பத்து வீச்சாவது போடுங்கள். முதல் வீச்சுகளில் அசையாத மீன், திரும்பத் திரும்ப முகத்தருகே வரும் லூரை எரிச்சலில் அடிப்பதுண்டு.

ரப்பர் மீனை இறங்கும்போது கவனிக்க வேண்டும். முழுத் தளர்வாகவும் விடாமல், முழு இறுக்கமாகவும் பிடிக்காமல் நூலை ஒரு சிறு வளைவோடு வைத்து, அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருங்கள். வளைவு திடீரென்று நேராகினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், தரை தொட வேண்டிய நேரத்துக்கு முன் தளர்ந்தாலும் அது மீன். உடனே ரீலைச் சுற்றி ரொட்டைத் தூக்குங்கள்.

இரவில் பால விளக்கின் கீழ் தண்ணீரில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே கத்தியால் வெட்டியதுபோல் கோடு இருக்கும். கொடுவா நிழலுக்குள் நின்று ஒளியைப் பார்க்கும். ஒளிப் பக்கம், ஓட்டத்துக்கு மேலே வீசி, கோட்டைக் கடந்து நிழலுக்குள் லூரை இறங்க விடுங்கள். கரையிலிருந்து வீசுங்கள், வாகனம் ஓடும் பாலத்தின்மேல் நிற்க வேண்டாம். ஆபத்து ஒருபக்கம், பிடித்த மீனை அங்கிருந்து காயமின்றி மேலே எடுக்கவும் வழியில்லை.

கடித்த பிறகு

முதல் மூன்று விநாடி மீனுக்கு ஓர் அடியும் நூல் கொடுக்காதீர்கள். அது போக நினைப்பது ஒரே இடத்துக்கு, வந்த கட்டைக்குள். ரொட்டைக் கட்டைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீருக்குக் கிடையாகச் சாய்த்து, தலையைத் திருப்புங்கள். செங்குத்தாக உயர்த்தினால் மீன் மேலெழும்பித் துள்ளும். பக்கவாட்டு இழுவையில் அதன் சமநிலை குலையும். திறந்த தண்ணீருக்கு வந்ததும் அவசரப்பட வேண்டாம், டிராக் தன் வேலையைச் செய்யட்டும்.

நூல் நீரில் வேகமாக மேல்நோக்கி எழுவதைக் கண்டால் மீன் துள்ளப் போகிறது. ரொட் நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். துள்ளி வாயைத் திறந்து தலையை உதறும்போது, இறுகிய நூலின் முனையில் உள்ள கனமான லூர்தான் நெம்புகோலாக முள்ளைப் பிடுங்கும். மீன் கரையருகே வந்து உங்கள் காலைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் நிச்சயம். அந்த நேரத்தில் டிராக்கை இறுக்கியவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள்.

கட்டைக்குள் புகுந்துவிட்டால் இழுத்துப் பறிக்க வேண்டாம். நூலை முழுவதும் தளர்த்தி ஒரு நிமிடம் விடுங்கள். இழுவை இல்லையென்றால் பல மீன்கள் போன வழியே திரும்பி வரும்.

கையில் எடுப்பது

முடிச்சில்லாத ரப்பர் வலை நல்லது. செவுளுக்குள் விரல் விடவே வேண்டாம்; செவுள் மூடியின் ஓரம் ஆழமாக வெட்டும், கால்வாய் நீரில் அந்தக் காயம் சீழ் வைக்கும். கீழ்த்தாடையைக் கவ்வியால் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்கி, கிடையாகத் தூக்குங்கள். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் பெரிய மீனின் சொந்த எடையே அதன் தாடையையும் முதுகெலும்பையும் கெடுக்கும். கை நனைந்திருக்கட்டும், படத்துக்கு ஆயத்தமான பிறகே மீனை நீரிலிருந்து எடுங்கள்.

80 செ.மீ.க்கு மேற்பட்டவற்றை விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறோம். ஆணாக இருந்து, வருடக்கணக்கில் தப்பிப் பிழைத்து, பெண்ணாகி இலட்சக்கணக்கில் முட்டையிடும் நிலைக்கு வந்த மீன் அது. குயின்ஸ்லாந்தின் கடலோர நீரில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தராது. அங்கே ஆறுகள் எத்தனையோ. எங்களுக்கு இருப்பது சுருங்கிவரும் சில களப்புகளும் ஒரு களனியும். விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக உதைத்துப் போகும்வரை காத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். பின்னால் இழுக்கும்போது செவுளில் நீர் தலைகீழாகப் போகும்.

சமையலுக்கு எடுப்பதென்றால் பொல்கொடவின் உட்புறம், நீர்கொழும்பு போன்ற இடங்களில் பிடித்த நடுத்தர மீனாக இருக்கட்டும். தலையில் அடித்து உடனே கொன்று, செவுளின் இரத்தக்குழாயை வெட்டி இரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். வெயிலில் பையில் துடித்துச் செத்த கொடுவாவின் சதை தளர்ந்து, குழம்பில் உதிரும்.

உயிருக்கு ஆபத்தானவை

பொல்கொடவிலும் முத்துராஜவெலவிலும் செம்மூக்கு முதலை உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைகளிலும் முதலை தென்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டதுண்டு. கண்டல் ஓரத்தில் இடுப்பளவு நீரில் நிற்காதீர்கள், ஒரே இடத்தில் மீன் கழுவாதீர்கள், மாட்டிய லூரை எடுக்க இருட்டில் இறங்காதீர்கள்.

காலில் வெட்டோ கீறலோ இருந்தால் கால்வாய் நீரும் சதுப்பும் எலிக்காய்ச்சலுக்கு வாசல். உயரமான ரப்பர் சப்பாத்துப் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எங்கே நின்று மீன் பிடித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நல்ல காலம் என்று மேலே சொன்ன ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும்தான் பின்னேர இடிமின்னலின் காலமும். கிராபைட் ரொட் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் ரொட்டைக் கீழே வைத்து விட்டு, திறந்த கரையை விட்டு விலகிவிடுங்கள், கடி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அலை இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்காது. நீண்ட ரொட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்டவாளத்தில் நடக்க வேண்டாம்; காதில் எதையும் மாட்டியிருக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை மெல்லிய நன்னீர்த் தூறலில் கழுவுங்கள். பலமாகப் பீச்சியடித்தால் உப்பு உள்ளே தள்ளப்படும். கழுவும்போது டிராக் இறுகியிருக்கட்டும், காய்ந்த பின் முழுவதும் தளர்த்தி விடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை நூல் விட்டு விட்டு இழுபடும். பிரெய்ட்டின் முன்னால் உள்ள இரண்டு மீட்டரை வெட்டி எறியாமல் குப்பைப் பையில் போட்டுவிட்டு, புது லீடரை அன்றிரவே கட்டி வையுங்கள்.